ஹெட் கேஷியரின் கலையாத நெற்றி

அத்தியாயம் ஐந்து

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். அமலராணிக்கு நேர்மாறு. பதினேழு வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு விடாமல் பேசுவதுதான். அன்று காலை பத்தரை மணிக்கு ஸ்ரீரங்கம் தென்கரை பாங்க் வாசலில் குதிரை வண்டியை விட்டு இறங்கும்போது அவள் படி தவறி வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது.

"குதிரையை அவுத்துடாதீங்க. எங்க அக்காவைப் பொட்டி படுக்கையோட ஏத்தி அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"அமலா, துப்பறியுறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லாதே," என்றார் கூட வந்த சகாயநாதன்.

சகாயநாதன் பாலக்கரையில் அவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர். திருச்சி ஜங்ஷனில், பயணிகள் தொலைத்த சாமான்களைச் சேர்த்து வைக்கும் ஆபீசில் குமாஸ்தா. பல் செட்டு, கல்யாண மாலை, டிக்கெட் வாங்கிய ஆடு என்று பதினெட்டு வருஷத்தில் அவர் உரியவரிடம் ஒப்படைக்காத பொருளே இல்லை. லீவு நாட்களில் துப்பறிவார். அறிக்கைகளை டைப் அடிப்பது அமலராணி. கூலி, வாரம் ஒரு ரோஸ் மில்க்.

இன்றைக்கு ரோஸ் மில்க் நினைப்பே அவளுக்கு வரவில்லை. காரணம், சிக்கலில் மாட்டியிருப்பது அவளுடைய அக்கா அக்னஸ்.

பாங்க் கிளையின் தலைமை அதிகாரியை ஏஜெண்ட் என்று சொல்லும் காலம் அது. தென்கரை பாங்க் ஸ்ரீரங்கம் கிளைக்கு அக்னஸ் ஏஜெண்ட்டாகி நாலு மாசம் ஆகியிருந்தது. 1958-ல் ஒரு பொம்பளை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கோயிலைச் சுற்றிய உத்திர வீதி, சித்திரை வீதி மனிதர்களெல்லாம் கணக்கு இருக்கிறதோ இல்லையோ, ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் நாற்காலியை மட்டும் பார்த்துவிட்டு, பழைய நாற்காலிதானே என்று உறுதி செய்துகொண்டு திருப்தியோடு கிளம்பினார்.

ஹெட் ஆபீஸில் திருப்தி இல்லை. அக்னஸுக்குப் பதவி கொடுத்த அன்றைக்கே அவளை விலக்கும் கடிதமும் டைப் அடித்து வைக்கப்பட்டிருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதை அடித்த பெண்ணே அக்னஸிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்தக் கடிதம் இன்று பன்னிரண்டு மணிக்கு, ஹெட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ரத்தினவேலின் பையில் ஏறி வருகிறது. காரணம், ஸ்ட்ராங் ரூம் திறக்கவில்லை.

அக்னஸ் தன் அறையில் நின்றபடியே விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். இரும்புக் கதவில் இரண்டு பூட்டு. ஒரு சாவி ஏஜெண்ட்டிடம், இன்னொன்று ஹெட் கேஷியர் ஆராவமுதனிடம். இரண்டும் திரும்பினால்தான் கதவு திறக்கும். காலையில் அவள் தன் சாவியைத் திருகினாள், திரும்பியது. பிறகு வழக்கம்போல ஹெட் கேஷியரைத் தனியே விட்டுவிட்டு வந்தாள். ஒருவர் திறக்கும்போது மற்றவர் பார்க்கக் கூடாது என்பது விதி. ஐந்து நிமிஷம் கழித்து அவர் வெளியே வந்து, மூன்று தரம் சாவி போட்டும் திரும்பவில்லை என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஹெட் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டார். கைப்பட ஒரு குறிப்பும் எழுதி மேஜையில் வைத்தார்.

சகாயநாதன் அதை வாங்கிப் படித்தார். 'ஏஜெண்ட் அவர்கள் நாலு மாசமாக இடது கையால் திருகி வருவதால் பூட்டு மனம் நொந்திருக்கலாம் என்பது தாழ்மையான அபிப்பிராயம்.'

"பூட்டுக்கு ஒரு டாக்டரைக் கூப்பிடலாமா மாமா?" என்றாள் அமலராணி. "நாடி பாத்து, கஞ்சி குடுத்துப் படுக்க வச்சா சரியாயிடும்."

அக்னஸ் சிரிக்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அக்காவின் கை ஜில்லென்று இருந்தது. அமலராணியின் தலையணைக்கு அடியில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. இதே பாங்கின் குமாஸ்தா பரீட்சைக்கு. அக்காவிடம்கூட இன்னும் காட்டவில்லை. அக்காவை இறக்கிவிட்டால் அப்புறம் இந்த ஜில்லாவில் எந்தப் பெண்ணையும் உள்ளே விட மாட்டார்கள். அந்தக் காகிதத்தை வடை மடிக்கக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஸ்ட்ராங் ரூம் பின்கட்டில் இருந்தது. கதவுக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைந்து கிடந்தது. திருஷ்டி கழியட்டுமே என்று பியூன் பிச்சமுத்து உடைத்தாராம். ஒரு மூடியைக் காணோம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் மென்றுகொண்டே பதில் சொன்னார்.

சகாயநாதன் பூதக்கண்ணாடியெல்லாம் எடுக்கவில்லை. குனிந்து கதவையே பார்த்தார். பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பில், ஹெட் கேஷியரின் சாவித்துவாரத்துக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையும் சிவப்புமாக ஏதோ ஈஷியிருந்தது. தொட்டு முகர்ந்தார்.

"பிச்சமுத்து, இது என்னங்க? கதவுக்கு யாரு நாமம் போட்டது?"

பிச்சமுத்து இதற்குச் சற்று வெட்கப்பட்டார். அது ஹெட் கேஷியர் நெற்றியிலிருந்து ஒட்டியது. சாவி எப்போதும் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்று பாங்க் விதிப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆராவமுதன் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறவர். சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருப்பார், திறக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். நூல் நீளம் பத்தாது. அதனால் பாதி மண்டியிட்டு, இடுப்பை ஒடித்து, நெற்றியைக் கதவில் முட்டுக் கொடுத்துத்தான் திருகுவார். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான். வெள்ளிக்கிழமை தோறும் பிச்சமுத்து துடைப்பார், சனிக்கிழமை மறுபடி ஒட்டும்.

அக்னஸ் அப்போது இன்னொன்று சொன்னாள். கதவைத் திறந்ததும் அவர் மேஜை டிராயரிலிருந்து சின்னக் கண்ணாடியும் திருமண் பெட்டியும் எடுத்து, கலைந்த நாமத்தை ஐந்து நிமிஷம் திருத்துவார். அதற்காகவே கவுண்டரை அவள் பத்து மணிக்குப் பதில் பத்து ஐந்துக்குத் திறக்க உத்தரவு போட்டிருந்தாள். ஜில்லாவிலேயே நாமத்துக்கு நேரம் ஒதுக்கிய முதல் ஏஜெண்ட் அவள்தான்.

சகாயநாதன் எழுந்து நின்றார். கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது.

"அமலா, நாம வரும்போது கேஷியரைப் பாத்தியே. நெத்தி எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. பளிச்சென்ற வெள்ளை, நடுவில் நூல் பிடித்தமாதிரி சிவப்பு.

"அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு மாமா. மூணு தரம் முட்டின நெத்தின்னு சொல்ல முடியாது. கன்னுக்குட்டி நக்கினாக்கூட அதைவிடக் கலைஞ்சிருக்கும்."

"வா," என்றார் சகாயநாதன்.

ஆராவமுதன் கூண்டுக்குள் பேனாவைப் பிடித்தபடி எதையும் எழுதாமல் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, தேய்த்த சட்டை. சகாயநாதன் வெளியே நின்று, சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்குக் காலையில் கலைந்த திருமண்ணைத் திருத்திக்கொண்டாரா?

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. சாவியைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்திருப்பார். சாவி விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. திருமண் விஷயத்தில் வரவில்லை.

"இல்லை," என்றார்.

அமலராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்துக்கு உள்ளே தெரிந்த நூலைப் பார்த்தாள். மஞ்சள் தடவின புத்தம்புது நூல், மடிப்புகூடக் கலையவில்லை. நேற்று பாங்க்குக்கு லீவு. தோமையார் திருநாளோ, மாதா திருநாளோ இல்லையே, எதற்கு லீவு என்று காலண்டரைப் பார்த்தபோது அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"மாமா," என்றாள் மெதுவாக. முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. "நேத்து ஆவணி அவிட்டம். எல்லாரும் புதுப் பூணூல் போட்டுக்கிட்டு, பழசைக் கழட்டி ஆத்துல விடுவாங்க."

கூண்டுக்குள் பேனா கீழே விழுந்தது.

ஆராவமுதன் அதைக் குனிந்து எடுக்கவில்லை. காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் நேற்று முந்நூறு பேர், வாத்தியார் ஒருத்தர். இன்னும் நாலு கூட்டம் காத்திருக்கிறது என்று மந்திரத்தை மெயில் வண்டி வேகத்தில் ஓட்டினார். புதுசைப் போடச் சொன்னார், போட்டேன். பழசைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். ஜலத்தில் விடச் சொன்னார், விட்டேன். வருஷா வருஷம் சாவியை முதலில் அவிழ்த்துப் புது நூலில் முடிவேன், இந்தத் தடவை அவசரத்தில் மறந்தேன். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"முப்பத்தோரு வருஷமா அந்தச் சாவி இடுப்பில குத்திண்டே இருந்தது. நேத்து ராத்திரி நன்னா தூங்கினேன். கார்த்தால எழுந்ததும், ஏன் இவ்வளவு நன்னா தூங்கினோம்னு பயம் வந்துடுத்து."

அமலராணிக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். பொய் சொன்னவர், அக்காவின் தலையில் பழியைக் கட்டியவர். ஆனால் விழுந்த பேனாவை எடுக்கக்கூடத் தோன்றாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அது காலையிலிருந்து தன்னைத் துரத்துகிற அதே பயம் என்று தெரிந்தது. இவர் பயத்தில் எழுதினார், தான் பயத்தில் பேசுகிறோம், அவ்வளவுதான்.

அக்னஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஹெட் கேஷியர் சார், எந்தப் படியில நின்னீங்கன்னு காட்டுங்க. வண்டி வாசல்ல இருக்கு."

ஒரு குதிரைக்கு நாலு பேர் அதிகம். அம்மா மண்டபம் போய்ச் சேரும்வரை குதிரை அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தெரிவித்தது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறை ஓரத்தில் நேற்றைய நூல்கள் பந்துபந்தாகச் சுருண்டு நுரையோடு ஒதுங்கிக் கிடந்தன. அந்தக் கூளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெண் மூங்கில் கூடையால் மணலை அரித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் ஜனங்கள் போடும் காசைச் சலித்தெடுத்துப் பிழைக்கிறவள். காளியாயி என்று பெயர். படித்துறைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்தவள்.

சாவி என்று சகாயநாதன் ஆரம்பிப்பதற்குள் அவள் இடுப்பிலிருந்து ஒரு வளையக் கம்பியை அவிழ்த்தாள். அதில் இருபது இருபத்தைந்து சாவிகள் கோத்திருந்தன. பெட்டிச் சாவி, பீரோ சாவி, சைக்கிள் சாவி. கடைசியில், இன்னும் நூலின் மிச்சம் சுற்றியபடி, விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சாவி.

"இதுதானே சாமி?" என்றாள் ஆராவமுதனிடம். "விடியக்காலம் கூடையில விழுந்துச்சு."

ஆராவமுதன் கை நீட்டினார். அவள் கம்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அக்னஸ் கைப்பையைத் திறந்தாள். காளியாயி தலையை ஆட்டினாள். காசு வேண்டாமாம். காசு அவளிடமே இருக்கிறது, அதுதான் தொந்தரவு. படிக்கட்டின் மேலே சீலைத் துணி கட்டிய ஒரு மண்பானையைக் காட்டினாள். குடிசையில் வைத்தால் புருஷன் எடுத்துக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போய்விடுகிறான். இரண்டு தடவை பானையைத் தூக்கிக்கொண்டு பாங்க்குக்கு வந்திருக்கிறாள். ஈரக் காசு வாங்குவதில்லை, தெரிந்தவர் யாராவது சிபாரிசு பண்ணினால்தான் கணக்கு என்று கூண்டுக்குள் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கூண்டுக்குள் இருந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் இப்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேர்ல ஒரு புஸ்தகம் போடுங்க," என்றாள் காளியாயி. "அப்புறம் சாவி."

மணி பதினொன்று நாற்பது. அமலராணி அக்காவைப் பார்த்தாள். பறித்துக்கொண்டு ஓடினால் பன்னிரண்டுக்குள் போய்விடலாம், ஆனால் அக்கா அப்படிச் செய்ய மாட்டாள் என்பதும் தெரியும். அக்னஸ் கைப்பையிலிருந்து எடுத்தது மணிபர்ஸ் இல்லை, கணக்கு திறக்கும் பாரம். கருமாதி வீட்டுக்குப் போனால்கூட அதில் இரண்டு பாரம் இல்லாமல் போக மாட்டாள்.

பாரத்தை அமலராணியின் முதுகில் வைத்து அக்னஸ் எழுதினாள். பெயர், காளியாயி. தொழில் என்ற இடத்தில் சற்று நின்று, 'காவிரியில்' என்று மட்டும் எழுதினாள். கட்டைவிரல் ரேகைக்கு மை இல்லை. படித்துறையில் மை எங்கே கிடைக்கும்? வண்டிச் சக்கரத்து அச்சில் இருந்த கருப்பு மசகை சகாயநாதன் தொட்டு வந்தார். ரேகை அழகாக விழுந்தது.

கடைசி வரி பாக்கி. மனுதாரரை நன்கு அறிந்தவர் கையெழுத்து.

"இவளை நான் அறிவேன்," என்றார் ஆராவமுதன். கரகரத்த குரல். "இருபது வருஷமா தினம் கார்த்தால ஸ்நானத்துக்கு வரேன். நான் வர்றதுக்கு முன்னாடியே இவ ஜலத்தில நிப்பா."

வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். காளியாயி அந்தப் பித்தளைச் சாவியைக் கம்பியிலிருந்து உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆனால் பானையை யாரிடமும் கொடுக்கவில்லை. அது இரும்புக் கதவுக்குள் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று அவளும் வண்டியில் ஏறினாள். ஐந்து பேர், ஒரு பானை. குதிரை இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவே இல்லை. மனம் விட்டுப்போய்விட்டது போல.

பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளே நுழைந்தபோது, ஏஜெண்ட் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். கோட்டு, தங்க ஃப்ரேம் கண்ணாடி. மேஜைமேல் கடிதம் விரித்துக் கிடந்தது. தேதியை எழுதி முடித்து, மை காய ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், அது என் நாற்காலி," என்றாள் அக்னஸ்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் ரத்தினவேல் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே கோபம் வந்தது.

அக்னஸ் பின்கட்டுக்குப் போய்த் தன் சாவியைத் திருகினாள். ஆராவமுதன் தன் சாவியைத் திருகினார். கதவு ஒரு முனகலோடு திறந்தது. இன்ஸ்பெக்டர் முகம் விழுந்தது. பூட்டு நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு டிரங்க் கால் என்று கேட்டார்.

ஆராவமுதன் நினைத்தால் இன்னொரு பொய் சொல்லலாம். ஈரக் கால்களோடு அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"சாவியைத் தொலைச்சது நான். பொய் எழுதினதும் நான். பூணூலோட சேத்து ஆத்தில விட்டுட்டேன். தேடி எடுத்துண்டு வந்தது ஏஜெண்ட். எனக்கு என்ன தண்டனையோ அதைக் குடுங்கோ."

எல்லோரும் பின்னாலேயே வர, ரத்தினவேல் ஏஜெண்ட் அறைக்குத் திரும்பினார். மேஜைமேல் கிடந்த கடிதத்தை அக்னஸ் பக்கம் தள்ளினார். யார் தொலைத்தாலும் கிளைக்குப் பொறுப்பு ஏஜெண்ட்தான், கடிதத்தில் காரணம் தெளிவாக எழுதியிருக்கிறது, அது மாறாது என்றார்.

"காரணத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்," என்றாள் அக்னஸ். "எங்க புது வாடிக்கையாளரும் கேக்கட்டும்."

அவர் படித்தார். பெண்களின் கையில் சாவிகள் பத்திரமாக இருப்பதில்லை என்பது அனுபவத்தில் கண்ட உண்மையாதலால், என்று ஆரம்பித்தது அது.

காளியாயி பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். இதுவரை பின்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போதுதான் கோட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். வளையக் கம்பியை எடுத்து, மேஜைமேல், கடிதத்துக்கு நேர் மேலே கலகலவென்று போட்டாள். ஈரம் பட்டுத் தேதி லேசாகக் கரைந்தது.

"இருபது வருஷமா இந்த ஆத்தைச் சலிக்கிறேங்க. பொம்பளைங்க தண்ணிக்குள்ள பூ விடுவாங்க, மஞ்ச விடுவாங்க, எல்லாம் தெரிஞ்சு விடுறது. இதுல இருக்கிற சாவி அம்புட்டும் ஆம்பளைங்க தொலைச்சது. கேட்டு வந்தவங்களும் ஆம்பளைங்கதான். ஒங்களுது இருந்தா பாத்து எடுத்துக்குங்க சார்."

வாசலில் பிச்சமுத்து தேங்காய் மெல்லுவதை நிறுத்தினார்.

ரத்தினவேல் கம்பியைப் பார்த்தார். அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, மெல்லக் கோட்டுக்குள் போய், இடுப்புப் பக்கம் தடவியது. இந்தப் பக்கம் தடவியது. பிறகு அந்தப் பக்கம். கால்சட்டைப் பையில் நுழைந்தது. முகத்தில் வியர்வை பூத்தது. கடைசியில் உள்பையில் ஏதோ கிணுங்கியது. அவர் கண்ணை மூடி மூச்சு விட்டார்.

கண்ணைத் திறந்தபோது ஆறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சாவிக் கம்பியை இரண்டு விரலால் ஓரமாக நகர்த்தினார். கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிய மறுத்தது. அப்படியே கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு குடையை எடுத்தார்.

"சார்," என்றாள் அக்னஸ், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "கடிதத்தைக் குடுத்துட்டுப் போங்க. நான் எழுத்துல பதில் குடுக்கணும்ல?"

வாசற்படியில் நின்ற ரத்தினவேல் திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தக் கடிதம்?" என்றார்.